வராத வெள்ளைச் சீட்டு

2019 டிசம்பர் கடைசியில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நான் வாக்குப்பதிவு அலுவலர்களில் ஒருவனாக ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். திருவிடைமருதூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பது போதும். உதவிபெறும் பள்ளித் தமிழாசிரியனுக்குத் தேர்தல் வேலை என்பது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரி. போகாமல் இருக்க முடியாது, போனால் சோறு கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை.

சீட்டுக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக்குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள், கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஒரே சாவடியில் இரண்டு வார்டுக்காரர்கள் ஓட்டுப் போடுவதானால் ஒரு வார்டுக்கு வெள்ளை, இன்னொன்றுக்கு நீலம். எங்கள் சாவடியில் இரண்டு வார்டு. ஆனால் வெள்ளைச் சீட்டு வரவே இல்லை. அந்த வார்டில் ஒருவர்தான் மனு போட்டிருந்தார், அவர் போட்டியின்றித் தேர்வு. ஆகவே வரிசையில் நின்றவர்களில் ஒரு சாராருக்கு நாலு சீட்டு, இன்னொரு சாராருக்கு மூணு.

பத்து மணி வாக்கில் ஒரு வயதான அம்மா வந்தார். விரலில் மை வைத்தாயிற்று. மூன்று சீட்டையும் மடித்துக் காட்டிக் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார்.

'தம்பி, எனக்கு முன்னால போனவளுக்கு நாலு குடுத்தீங்க. எனக்கு மூணுதானா?'

'உங்க வார்டுல போட்டி இல்லைம்மா. அன்னப்போஸ்ட்.'

'போட்டி இல்லைன்னு யாரு சொன்னது? என்னைய யாரும் கேக்கலையே.'

பூத் ஏஜெண்டுகளாக உட்கார்ந்திருந்த பையன்கள் சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் 'ஆயா, நகரு' என்றார்கள். அந்த அம்மா மறைப்புக்குள் போய் மூன்றையும் குத்தி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். நான் அடுத்த சீட்டைக் கிழித்தேன்.

இந்தக் கேள்வியை இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்து இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. தேர்தல் பற்றி நம்மிடையே எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் முடிவு பற்றிய சொல்லாடல்தான். யார் வென்றார், எந்தச் சாதி யாருக்குப் போட்டது, எவ்வளவு பணம் புழங்கியது. இதற்கெல்லாம் முந்திய ஒரு தளம் இருக்கிறது. வார்டு எப்படிப் பிரிக்கப்படுகிறது, பட்டியல் எந்த வரிசையில் அச்சாகிறது, யார் யாரை முன்மொழிகிறார், எந்தச் சீட்டு அச்சாகாமலே போகிறது என்கிற ஏற்பாடுகளின் தளம். இவையெல்லாம் நிர்வாகச் சமாச்சாரம், குமாஸ்தா வேலை என்று ஒதுக்கப்படுபவை. அதிகாரம் தன்னை 'வெறும் ஏற்பாடு' என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில்தான் அதைக் கூர்ந்து வாசிக்கவேண்டும் என்பதை ஃபூக்கோவிடமிருந்து நாம் கற்றோம். கற்றதை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வைத்துப் பார்க்காமல் இருக்கிறோம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவிடைமருதூர் பேரூராட்சி. கும்பகோணத்திலிருந்து கிழக்கே போகும் சாலையில் திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை எல்லாமே பேரூராட்சிகள். இவற்றுக்கு நகர்ப்புறத் தேர்தல். 2022 பிப்ரவரி 19-இல் நடந்தது அதுதான். இயந்திரத்தில் ஒரே ஒரு பொத்தான், வார்டு உறுப்பினருக்கு மட்டும். கட்சிச் சின்னம் உண்டு. தலைவரை உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஆனால் பேரூராட்சி எல்லையைத் தாண்டி வயலுக்குள் இறங்கிவிட்டால் அது திருவிடைமருதூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு கிராம ஊராட்சி. அங்கே காகிதச் சீட்டு, நாலு ஓட்டு. தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சி கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ, சீப்பு என்று சுயேச்சைச் சின்னங்கள்தான். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் மறுபடி கட்சி. ஒரே வாய்க்காலின் இரு கரையில் இரண்டு விதமான குடிமகன்.

கிராம ஊராட்சியில் கட்சி கூடாது என்பதற்குச் சொல்லப்படும் நியாயம், கிராமம் என்பது கட்சிகளுக்கு முந்திய ஓர் ஒற்றுமை என்பது. கிராமத்துக்குள்ளே பகையைக் கொண்டுவந்தது கட்சிதான் என்கிற கதையாடல் இது. தஞ்சை ஜில்லாவில் இதை எப்படிச் சொல்ல முடிகிறது என்பது ஆச்சரியம். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்ததே இந்த ஜில்லாவுக்காகத்தான். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் அப்போதைய இதே ஜில்லாவில்தான். செங்கொடிக் கட்சி வந்த பிறகுதான் சேரி ஜனங்கள் மிராசுதார் முன்னால் நிமிர்ந்து பேசினார்கள் என்பதை எங்கள் பக்கத்துக் கிழவர்கள், அந்தக் கட்சியைப் பிடிக்காதவர்கள்கூட, ஒத்துக்கொள்வார்கள். கட்சியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒற்றுமை அல்ல, தெரு.

வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். அதில் சாதி எழுதப்படுவதில்லை, தெரு எழுதப்படுகிறது. மேலத்தெரு, குடியானத்தெரு, காலனித் தெரு என்று வரிசையாக வரும். தெருவைப் படித்தவனுக்குச் சாதியைத் தனியாகப் படிக்கவேண்டியதில்லை. வார்டு பிரிக்கும்போது தெருவைத் துண்டாக்காமல் பிரிப்பது நிர்வாகத்துக்குச் சௌகரியம். ஆகவே வார்டு என்பது பெரும்பாலும் தெரு, தெரு என்பது பெரும்பாலும் ஒரு சாதி. சட்டத்தின் பிரதியில் எங்கேயும் இல்லாத ஒன்று, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பிரதியில் வரிக்கு வரி உட்கார்ந்திருக்கிறது.

இனி நம் பெருமிதத்துக்கு வருவோம். உள்ளாட்சி என்றதும் குடவோலை என்று சொல்லாத மேடை கிடையாது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள் என்பது முப்பது வார்டுகள் மாதிரி. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாத சிறுபிள்ளை ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் நாம் இதோடு நிறுத்திக்கொள்கிறோம். நானும் வகுப்பில் பல வருஷம் இதோடுதான் நிறுத்தினேன்.

கல்வெட்டின் பெரும்பகுதி குடத்தைப் பற்றியதல்ல. குடத்துக்குள் எந்த ஓலை போகலாம் என்பதைப் பற்றியது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்கவேண்டும். கால் வேலி என்றால் ஐந்து மா, டெல்டாக்காரனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதப் பயிற்சி வேண்டும். நிறையப் படித்தவனாயிருந்தால் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. அது பிராமணர்களின் சபை, அதற்கான விதிகள் அப்படித்தான் இருக்கும். சபைக்கும் நகரத்துக்கும் ஊருக்கும் அப்போது தனித்தனி அமைப்புகள். திருவிடைமருதூர் மகாலிங்கசாமி கோயிலின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே திரைமூர் சபையாரும் திருவிடைமருதில் நகரத்தாரும் கோயில்காரர்களும் நாடகசாலையில் கூடியிருந்து கூத்துக்கு நிலம் ஒதுக்கிய செய்தி வருகிறது. (சபை கூடிய இடம் நாடகசாலை என்பதை வைத்து ஒரு பகடிக் கட்டுரை எழுதலாம். இது அதற்கான இடமில்லை.) நிலம் இருந்தவர்கள் கூடினார்கள், வியாபாரம் இருந்தவர்கள் கூடினார்கள். அந்த நிலத்தில் நடவு நட்டவர்களின் கூட்டம் எந்தக் கல்லிலும் இல்லை.

இதைச் சொல்வது சோழர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒன்றிடம் இன்றைய நியாயத்தைக் கேட்பது சிறுபிள்ளைத்தனம். ஏதென்ஸிலும் பதவிகளுக்குச் சீட்டுத்தான் குலுக்கினார்கள். சீட்டுப் போடுவது ஜனநாயகத் தன்மை, தேர்ந்தெடுப்பது சிலராட்சித் தன்மை என்கிற கருத்தை அரிஸ்டாட்டில் பதிவுசெய்கிறார். அங்கேயும் பெண்ணின் பெயரோ அடிமையின் பெயரோ குலுக்கலில் இல்லை. குலுக்கல் சமத்துவமானதுதான், குடத்துக்குள் இருக்கும் ஓலைகளுக்கிடையில். ஆகவே எந்தத் தேர்தல் முறையிடமும் கேட்கவேண்டிய முதல் கேள்வி ஓலை குடத்துக்குள் எப்படிப் போகிறது என்பதே. உத்திரமேரூர் அதைக் கல்லில் வெளிப்படையாக வெட்டி வைத்தது. நாம் அப்படிச் செய்வதில்லை.

சட்டப்படி நம் குடம் அகலமானது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது, அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில். பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. பெண்களுக்கான அந்தப் பங்கை 2016-இல் பாதியாக உயர்த்தினார்கள். இருபத்தொரு வயது நிரம்பி, பட்டியலில் பெயர் இருந்தால் போதும். 2019-இல் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 100. ஒரு நாள் நடவுக் கூலிக்குள் அடங்கும் தொகை. இதைவிட அகலமாகக் குடத்தின் வாயை எப்படித் திறப்பது?

ஆனால் மனுவில் முன்மொழிபவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதே வார்டு வாக்காளர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். சாதாரணக் கட்டம். நகரத்தில் இதைப் பற்றி யாரும் யோசிக்கவே மாட்டார்கள். முந்நூறு ஓட்டுள்ள ஒரு தெருவில், கூப்பிடுகிறவர் வயலுக்குத்தான் போகவேண்டும் என்கிற நிலையில், அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவது ஓட்டுப் போடுவதைவிடப் பெரிய காரியம். ஓட்டு ரகசியம், கையெழுத்து ரகசியமில்லை. மனுப் பரிசீலனைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். 'ஏண்டா, அவன் நிக்கிறதுக்கு நீயா கையெழுத்துப் போட்டே?' என்று கேட்க நாலு பேர் போதும்.

அந்த ஓட்டும் எவ்வளவு ரகசியம்? நாடாளுமன்றத் தேர்தலில் லட்சக்கணக்கான ஓட்டுகளுக்கு நடுவே என் ஒரு ஓட்டு கரைந்துபோகிறது. கிராம ஊராட்சி வார்டில் கரைவதற்குத் தண்ணீரே இல்லை. தோற்றவர் மூன்று ஓட்டில் தோற்றால், அந்த மூன்று பேர் யார் என்பதைச் சாயங்காலத்துக்குள் டீக்கடையில் பெயரோடு சொல்லிவிடுவார்கள். சொல்வது தப்பாகவும் இருக்கலாம். தப்பாகச் சொல்லப்பட்டவர் அடுத்த ஐந்து வருஷம் அதைச் சுமக்கவேண்டும். ரகசியம் என்பது மறைப்புத் தட்டியால் மட்டும் உண்டாவதில்லை, கூட்டத்தால் உண்டாவது. இதைத் தெரிந்துகொண்டுதான் ஜனங்கள் வார்டுத் தேர்தல் என்றால் ஒதுங்குகிறார்கள். 'நம்ம தெருவுக்குள்ள எதுக்குப் பகை' என்று மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். 2019-இல் தமிழ்நாட்டில் தேர்தல் அறிவிக்கப்பட்ட 76 ஆயிரத்துச் சொச்சம் கிராம ஊராட்சி வார்டுகளில் 18 ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றில் போட்டியே இல்லை. ஏறக்குறைய நாலில் ஒன்று.

அன்னப்போஸ்ட் எல்லாமே அராஜகம் என்று நான் சொல்லமாட்டேன். செலவு மிச்சம், சண்டை மிச்சம், உண்மையிலேயே ஊருக்கு உழைக்கிற ஒருவரை எல்லோரும் சேர்ந்து விட்டுக்கொடுப்பதும் நடக்கிறது. என் மாமா ஒருவர் அப்படித் தேர்வானவர், நல்ல மனிதர். ஆனால் பேசி முடிக்கும் அந்தக் கோயில் வாசலில் யார் உட்கார்ந்திருந்தார், யார் நின்றுகொண்டிருந்தார், யார் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தார் என்று பார்க்கவேண்டும். அந்த அம்மா கேட்டது அதைத்தான். பதவியை ஏலம் விட்டதாகச் சில ஊர்களிலிருந்து அதே டிசம்பரில் செய்தி வந்தபோது மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது, பத்திரிகைகள் கண்டித்தன. ஏலம் கண்ணுக்குத் தெரிந்த குற்றம். பணமில்லாமல் அமைதியாக முடிக்கப்பட்டதற்கு நமக்குப் பெயர் ஒருமனது.

போகட்டும், வார்டு உறுப்பினர்தானே, அவருக்கு என்ன அதிகாரம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சீட்டை ஓட்டாகவே நினைக்காதவர்கள் நிறையப் பேர். ஊர் கவனமெல்லாம் இளஞ்சிவப்பில்தான். ஆனால் சட்டத்தில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. துணைத் தலைவரை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் கையெழுத்தால் பணம் வராது. தனி ஆள் சுருட்டாமல் இருக்க வைத்த ஏற்பாடு, அந்த அளவில் நியாயமானதும்கூட.

இப்போது இதை இடஒதுக்கீட்டோடு சேர்த்து வாசியுங்கள். தலைவர் பதவி சுழற்சியில் பட்டியல் சாதிக்கோ, பட்டியல் சாதிப் பெண்ணுக்கோ வருகிறது. ஊர் அதைத் தடுக்க முடியாது. மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் தடுத்தார்கள். 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் அங்கே ஒரு தலித் தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். உலகமே பார்த்தது. எங்கள் பக்கம் அப்படியொரு வெளிப்படையான மறுப்பை நான் கண்டதில்லை, அதனால் எங்களுக்கு நாகரிகம் அதிகம் என்று ஒரு எண்ணம் உண்டு. மறுக்கவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். இளஞ்சிவப்புச் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வெள்ளைச் சீட்டைப் பேசி முடித்தால் போதும். ஒன்பது வார்டில் ஐந்து கையில் இருந்தால் துணைத் தலைவர் கையில். துணைத் தலைவர் கையில் இருந்தால் இரண்டாவது கையெழுத்து கையில்.

எனக்குத் தெரிந்த ஒரு ஊராட்சியில் தலைவராக இருந்த பெண், என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மா. காலனியில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், சரிசெய்தவருக்குப் பணம் கொடுக்கக் காசோலை எழுதிக்கொண்டு துணைத் தலைவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். 'மூணு தடவை நடந்தேன் சார். ரெண்டு தடவை வயலுக்குப் போயிட்டாருன்னு சொன்னாங்க. மூணாவது தடவை இருந்தாரு. வாசல்லயே நிக்கச் சொல்லி, செக்கை மட்டும் உள்ள வாங்கிட்டுப் போனாங்க.' கையெழுத்து ஆனதா என்று கேட்டேன். ஆனதாம், அடுத்த வாரம். அதுவரை காலனிக்குத் தண்ணீர் வாய்க்காலில்தான். 'தலைவர்னு போர்டுல என் பேரு இருக்கு சார், பெயிண்டு அடிச்சு.' பெண் தலைவர் என்றாலே வீட்டுக்காரர்தான் நிர்வாகம் பண்ணுகிறார் என்று நகைச்சுவைத் துணுக்கு எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. இவர் விஷயத்தில் வீட்டுக்காரர் திருப்பூரில் இருந்தார். நிர்வாகம் பண்ணியவர் எதிர்த்தெருவில் இருந்தார், எந்தத் துணுக்கிலும் வராமல்.

இதைவிட மோசமானதும் உண்டு, இரண்டு கையெழுத்துமே ஊர்க்காரர்களுடையதாக இல்லாமல் போவது. 1991-இல் முடிந்த உள்ளாட்சிகளுக்கு 1996 வரை தேர்தல் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலை அறிவிப்பு முறையாக இல்லையென்று சென்னை உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது. மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2019-இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போயின. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. சட்டமன்றத்துக்கு இப்படி நடந்தால் விடுவார்களா? உள்ளாட்சி என்பதாலேயே ஒரு அலட்சியம். இதில் கட்சி பேதம் கிடையாது. நம் அறிவுஜீவிகளுக்கும் கிராமம் பற்றிக் கவிதை எழுத வருகிறது, கிராம சபைத் தீர்மானம் படிக்க வருவதில்லை.

1948 நவம்பர் 4-இல் அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் கிடங்காகவே பார்த்தார். வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டது குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார். பிறகு கிராமப் பஞ்சாயத்து 40ஆவது பிரிவாக உள்ளே வந்தது. அம்பேத்கரை மேற்கோள் காட்டிப் பஞ்சாயத்தே வேண்டாம் என்று பேசும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று தடவை நடந்தாலும் ஒரு காலனிப் பெண் காசோலையில் முதல் கையெழுத்துப் போட்டார் என்பது சின்ன விஷயமில்லை. அந்தக் கையெழுத்துக்காகத்தான் மோட்டார் பழுதானதே பதிவேட்டில் ஏறியது. ஆனால் அம்பேத்கர் சொன்ன அலகுப் பிரச்சினை தீரவில்லை. தனிமனிதனை அலகாகக் கொண்ட ஓட்டு, தெருவை அலகாகக் கொண்ட வார்டுக்குள் போய் விழுகிறது. வார்டைத் தெருவுக்குக் குறுக்கே வெட்டலாமே, பல வார்டு ஓட்டுகளைக் கலந்து எண்ணலாமே, இரண்டாவது கையெழுத்தை வேறொருவருக்குத் தரலாமே என்று கேட்டால் நிர்வாகச் சிரமம் என்பார்கள். குறுக்கே வெட்டினால் சிறுபான்மைத் தெருவுக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடைக்காமல் போகும் என்பதும் நியாயமான பயம்தான். எனக்கும் முடிந்த விடை கிடையாது. இதெல்லாம் குமாஸ்தாக்கள் மட்டும் தீர்மானிக்கிற கேள்விகளாக இருக்கக்கூடாது என்பது மட்டும் தெரிகிறது.

அன்று ஐந்து மணிக்குச் சாவடியை மூடி, சீட்டுக் கணக்கு எழுதினோம். இத்தனை வந்தது, இத்தனை கொடுத்தது, இத்தனை மிச்சம். வெள்ளைக்கு நேராக 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2025 தை மாதத்தில் ஒரு சான்றிதழ் விஷயமாகத் திருவிடைமருதூர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். எதிரே டீக்கடையில் பக்கத்துக் கிராமத்துக்காரர் இரண்டு பேர். தனி அலுவலர் வந்துவிட்ட பேச்சு ஓடியது. 'எலெக்‌ஷன் எப்பவாம்?' என்றார் ஒருவர். 'எப்ப வந்தா என்ன, நம்ம வார்டு அன்னப்போஸ்ட்தான். பேசி முடிச்சாச்சு' என்றார் மற்றவர்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. 'யார்கிட்டங்க பேசினீங்க?' என்று கேட்டேன்.

கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'சாருக்கு எந்தத் தெரு?' என்றார்.